சுவருக்குள் போன சொல்

"கல்லை எங்கேயாவது ஒளிச்சாகணும். பதினோரு மணிக்கு பஸ் வந்துடும்," என்றாள் பெரில் ஹார்க்கர்.

அவள் ஒளிக்கச் சொன்னது பையில் போட்டுக்கொண்டு போகிற கல் இல்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், நான்கு விரல் கனம். நெதர்பி கிராமத்துப் புல்வெளியில் குழி தோண்டி, நேற்றுச் சாயங்காலம்தான் நிமிர்த்தி நட்டிருந்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் செதுக்கியிருந்த வாசகம் பெரிலே சொந்தமாக யோசித்து எழுதியது.

'டேல் — எங்கள் சொல். இங்கே பிறந்தது. யாரிடமும் வாங்காதது.'

டேல் என்றால் பள்ளத்தாக்கு. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் வட கோடியில் இருக்கும் ஸ்கர்டேல்காரர்களிடம் மட்டும் அப்படி ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட முடியாது. சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு டேல் என்றால் ஆறு, ஆற்றின் இரண்டு பக்கமும் ஏறும் ஆட்டு மேய்ச்சல், கல்லடுக்குச் சுவர்கள், தாத்தா புதைந்த கல்லறை, அடுத்த டேல்காரன் மீது ஒரு சின்ன இளக்காரம், எல்லாம் சேர்ந்த ஒரே சொல். பெரில் அந்த ஸ்கர்டேலில் இருக்கும் நெதர்பியின் கிராம மன்றத்துத் தலைவி. ஐம்பத்தெட்டு வயதில் இந்த டேலை விட்டு வெளியே தூங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வாள்.

இப்போது அவள் முகத்தில் ஈயாடவில்லை. காரணம், எட்டரை மணிக்கு ஒரு தலையணை கனத்துக்கு அகராதியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து நின்ற மிஸ் வினிஃப்ரெட். மாவட்ட நூலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"பெரில், இதை யார்கிட்டயாவது கேட்டுட்டு செதுக்கினியா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? எங்க அப்பா சொன்னாரு, அவங்க அப்பா சொன்னாரு. இது நம்ம சொல்லு."

"நம்ம சொல்லுதான். யாரு இல்லைன்னா? ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க வாயில இருந்ததுதான். ஆனா அப்புறம் கடல் தாண்டி வடக்கத்தி ஆளுங்க கப்பல்ல வந்து இந்தப் பக்கமெல்லாம் குடியேறினாங்க இல்லியா? அவங்க வாயிலயும் கிட்டத்தட்ட இதே சொல்லு இருந்தது. ரெண்டும் ஒட்டிக்கிச்சு. அவங்க வந்ததாலதான் இந்தப் பக்கம் இது இவ்வளவு பலமா நின்னுச்சுன்னு போட்டிருக்கு. தெற்கே பாரு, பள்ளத்தாக்குக்கு வேற வேற பேரு சொல்லிட்டுப் போயிட்டான்."

"அதாவது?"

"அதாவது, பாதி நம்மளுது. பாதி அவங்களுது. ரெண்டுக்கும் மூலம் அதைவிடப் பழைய ஒரே சொல்லு. பள்ளமான இடம்னு அர்த்தம்."

"அவங்கன்னா யாரு?"

மிஸ் வினிஃப்ரெட் அகராதியை மெதுவாக மூடினார். "இன்னிக்குப் பதினோரு மணிக்கு பஸ்ல வந்து இறங்கப்போறாங்களே, அவங்கதான்."

நார்வேயிலிருந்து உல்வ்டால் என்ற பள்ளத்தாக்குக்காரர்கள் இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். இரண்டு பள்ளத்தாக்கும் உறவு கொண்டாட ஓர் ஒப்பந்தம். வருஷா வருஷம் இங்கிருந்து பத்துப் பேர் அங்கே, அங்கிருந்து பத்துப் பேர் இங்கே. ஏழு வருஷமாகக் கடிதம் மேல் கடிதம் எழுதிப் பெரில் ஒற்றை ஆளாக இழுத்து வந்த காரியம். மாலை நான்கு மணிக்குக் கையெழுத்து. சாலை முடிந்துபோகிற கடைசி ஊர் என்று தபால்காரன்கூட அலுத்துக்கொள்ளும் நெதர்பியைத் தேடிக் கடல் தாண்டி ஆட்கள் வருகிறார்கள். வந்து இறங்கியதும் முதலில் கண்ணில் படப்போவது, 'யாரிடமும் வாங்காதது.'

"படிச்சாங்கன்னா அப்படியே பஸ் ஏறிப் போயிடுவாங்க," என்றாள் பெரில். "நானா இருந்தா போயிடுவேன்."

"துணியப் போட்டு மூடு," என்று சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது. சுவர்க்கொத்தன் ஆர்னல்ட் ஐவ்சன். எழுபத்தொரு வயது. சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கியே சுவர் கட்டுகிறவர். புல்வெளி ஓரத்துச் சுவரில் மார்ச் மாதத்துப் பனியில் ஐந்தடி இடிந்துபோயிருந்தது. அதை இடுப்பளவு கட்டிவிட்டு, மீதியை விருந்தாளிகள் ஆளுக்கொரு கல் வைத்து மூடட்டும் என்று விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார் ஆர்னல்ட்.

துணி போட்டு மூடினார்கள். சாப்பாட்டு மேசைக்கு வைத்திருந்த வெள்ளை விரிப்பு. பெரில் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள்.

மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் தேநீர் பொறுப்பு அம்மாள் ஒருத்தி அந்தப் பக்கம் வந்தாள். வெள்ளைத் துணி போர்த்திய கல்லைப் பார்த்தாள். "அடடே, திறப்பு விழாவா? சொல்லவே இல்லியே!" என்று சொல்லிக்கொண்டே போய் நீல ரிப்பன் கொண்டுவந்து கட்டிவிட்டாள். அவள் போனதும் பித்தளை வாத்தியக் குழுவின் தலைவர் வந்து ரிப்பனைப் பார்த்தார்.

"துணிய எடுக்கறப்போ ஒரு முழக்கம் முழக்கிடலாம் தலைவி. எத்தன மணிக்கு?"

"எடுக்கவே போறதில்ல!"

"எடுக்காத துணிக்கு எதுக்கு ரிப்பன்?"

பெரில் ரிப்பனைப் பிய்த்து, துணியை உருவி, ஆர்னல்ட் பக்கம் திரும்பினாள். "நல்ல யோசனை சொன்னீங்க பெரியவரே! மூடினாத்தான் எல்லாரும் பாக்குறாங்க."

"அப்ப குப்புறத் தள்ளு. மண்ணப் பாத்துக்கிட்டுக் கிடக்கட்டும். எவன் கேக்கப்போறான்?"

இரண்டு பேரும் சேர்ந்து கல்லைக் குப்புறத் தள்ளினார்கள். குழி தோண்டிய இடத்தில் புல் இல்லை, வெறும் ஈரமண். ராத்திரி மழை வேறு. தொப்பென்று விழுந்தது கல். பார்வைக்கு ஒரு பழைய பலகைக்கல் போலப் பாவமாகத்தான் கிடந்தது. ஆனால் சரியாக விருந்தினர் நடந்து வரும் வழியில் கிடந்தது.

"யாராவது தடுக்கி விழுந்தா?" என்றார் மிஸ் வினிஃப்ரெட். "பல் உடைஞ்சா அது வேற உறவு ஆயிடும்."

"சரி, தூக்குங்க. ஓரமாப் போட்டுடலாம்," என்றாள் பெரில்.

தூக்கினார்கள். கல்லுக்கு அடியில், ஈரமண்ணில், செதுக்கிய எழுத்தெல்லாம் அச்சு அசலாகப் புடைத்துக்கொண்டு நின்றது. இடம் வலம் மாறியிருந்ததே தவிர, ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை.

"போச்சுடா! இப்பக் கல்லுலயும் இருக்கு, தரையிலயும் இருக்கு," என்றார் ஆர்னல்ட்.

பெரில் கல்லின் தன் பக்கத்தை மிஸ் வினிஃப்ரெட் கையில் கொடுத்துவிட்டு, விழாவுக்கென்று வாங்கிய புதுச் செருப்போடு அந்த மண்ணில் ஏறிக் குதித்தாள். 'யாரிடமும்' அழிந்தது. 'வாங்காதது' லேசில் அழியவில்லை. செருப்பு இரண்டும் சேறாகிப் போனபின்தான் ஒழிந்தது.

"ஆர்னல்ட், கீழ வைங்க அதை. கை வலிக்கலையா?"

"கீழயா? நானா?" ஆர்னல்ட் முகத்தைப் பார்த்தால் அவரைக் களவாடச் சொன்ன மாதிரி இருந்தது. "கையில எடுத்த கல்ல நான் கீழ வெச்சதே கிடையாது. எங்கப்பாவும் வெச்சது கிடையாது. எடுத்தாச்சுன்னா அது சுவத்துலதான் போகணும்."

"இது என்ன நேரம் உங்க பிடிவாதத்துக்கு!"

"பிடிவாதம் இல்ல புள்ள, தொழில். எடுத்துப் பாத்துட்டுக் கீழ போட்டா நேரமும் போச்சு, முதுகும் போச்சு. எந்தக் கல்லுக்கும் ஒரு இடம் இருக்கும்."

"எனக்குக் கை இருக்கு, அது இப்போ கழண்டுடும்," என்றார் மிஸ் வினிஃப்ரெட் மெல்லிய குரலில்.

மூவரும் ஒரே சமயத்தில் சுவரின் இடைவெளியைப் பார்த்தார்கள்.

அந்த நிமிஷத்தில் பெரிலுக்கு அது தெய்வமே காட்டிய வழியாகத்தான் பட்டது. கல்லடுக்குச் சுவர் என்பது உண்மையில் இரண்டு சுவர். நடுவில் சில்லுக்கல் நிரப்புவார்கள். எழுத்து உள்பக்கம் பார்க்க வைத்து, மேலே நாலு வரிசை ஏற்றிவிட்டால் உலகம் அழிகிறவரை எவனும் படிக்க முடியாது.

"உள்பக்கமாத் திருப்பி வைங்க," என்றாள்.

ஆர்னல்ட் கல்லைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். முகம் கறுத்தது. "திருப்பி வெக்கணும்னா இதை நெட்டுக்குத்தலா, சுவத்தோட நீளவாக்குல நிறுத்தணும். ஆனா முறைன்னா கல்லோட நீளம் சுவத்துக்குள்ள போகணும் புள்ள. வெளிய மூஞ்சி மட்டும்தான் தெரியணும். நீளவாக்குல நிறுத்தறவன் கொத்தன் இல்ல, மோசக்காரன்."

"ஒரே ஒரு கல்லு."

"நாப்பத்தஞ்சு வருஷத்துல ஒண்ணு கெடையாது."

"ஏழு வருஷம், ஆர்னல்ட். ஏழு வருஷம் லெட்டர் எழுதியிருக்கேன்." பெரில் சேறான செருப்பைப் புல்லில் தேய்த்தாள். "இன்னிக்கு அவங்க கோச்சுக்கிட்டுப் போனா, இந்த ஊர்ப்பக்கம் இனிமே யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

ஆர்னல்ட் கல்லைக் கொண்டுபோய், எழுத்து மறையச் சில்லுக்கல்லை முட்டுக் கொடுத்து, உள்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார், இழவு வீட்டில் கழற்றுகிற மாதிரி.

பதினோரு மணிக்கு வரவேண்டிய பஸ் பதினொன்றே முக்காலுக்குத்தான் வந்தது. வாத்தியக்காரர்கள் இருமுறை வாசித்துக் களைத்துப்போய் மூன்றாம் முறை வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் இறங்கியவள் உயரமான பெண்மணி, நரைத்த ஒற்றைப் பின்னல். அவள்தான் உல்வ்டாலின் தலைவி ராக்ன்ஹில்ட். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த இங்கிலீஷ் அவளுடையது. கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக வரும்.

"தாமதத்துக்கு எங்களை மன்னிக்க வேண்டும். வழியில் பாலங்களைப் பார்ப்பதற்காக நிறுத்தினோம்."

"பாலமா?"

"ஆம். மூன்று பாலங்கள். உங்கள் நாட்டுப் பாலங்கள் மிகவும் நன்றாக இருக்கின்றன."

ராக்ன்ஹில்டின் முகம் என்னவோ நல்ல பாலம் பார்த்தவள் முகமாக இல்லை. வெளிறிப்போயிருந்தது. பின்னால் நின்ற பஸ் டிரைவர் டெரெக், டார்லிங்டன் ஊர்க்காரன், வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான். நீராவிக் கப்பலே தோற்றுவிடும்.

அவளுக்குப் பின்னால் இறங்கினார் அவள் அப்பா எய்னார். எண்பது வயது ஆட்டுக்காரர். இங்கிலீஷில் ஒரு சொல் தெரியாது. தேநீர் வேண்டுமா என்றார்கள். அவர் நேராகச் சுவருக்குப் போனார். கையால் தடவிப் பார்த்தார். கட்டின வரிசைகளைப் பார்த்துத் தலையாட்டினார். ஆர்னல்டின் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து, நெட்டுக்குத்தலாக நின்ற அந்தக் கல்லில் எய்னாரின் கை நின்றது. ஆர்னல்டைத் திரும்பிப் பார்த்தார். 'த்ச்' என்று உச்சுக்கொட்டினார்.

ஆர்னல்டின் காது சிவந்துபோனது. பெரிலின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "பாத்தியா? அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சுபோச்சு! தொழில் தெரியாதவன்னு நினைச்சுட்டான். நான் பிடுங்கிடறேன்."

"பிடுங்கினீங்க, நான் உங்களைப் பிடுங்கி அந்த இடத்துல வெச்சுடுவேன்."

"என் மானம் போவுது புள்ள!"

"என்னோடது உள்ளயே இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

நல்லவேளை, எய்னார் பெரியவர் சுவரை விட்டுவிட்டு ஊர்க்கோடி ஓடையைக் காட்டினார். "பெக்," என்றார். ஆர்னல்ட் வாயைப் பிளந்தார். ஓடைக்கு அவர்கள் வீட்டில் தொட்டில் காலத்திலிருந்து சொல்வது அதே பெக்தான். லண்டன்காரனிடம் சொன்னால் என்ன என்று கேட்பான். ஆர்னல்ட் பதிலுக்கு மேய்ச்சல் மலையைக் காட்டி, "ஃபெல்," என்றார். எய்னார், "ஃபியெல்!" என்று கத்தினார். அதற்குப் பிறகு அந்த இரண்டு கிழவர்களையும் பிடிக்க முடியவில்லை. அருவியைக் காட்டுவதும், மலையிடுக்கைக் காட்டுவதும், ஆளுக்கொரு சொல் சொல்லித் தோளில் தட்டிக்கொள்வதுமாக இருந்தார்கள். கடைசியில் எய்னார் இரண்டு கையையும் அகல விரித்து, ஆறு, வீடு, ஆடு எல்லாவற்றையும் ஒரே அணைப்பில் வாரி எடுப்பதுபோலக் காட்டி, "டால்," என்றார்.

"டேல்," என்றார் ஆர்னல்ட். குரல் கொஞ்சம் உடைந்தது.

பார்த்துக்கொண்டிருந்த பெரிலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலையில் மிஸ் வினிஃப்ரெட் பாதி அவர்களுடையது என்றபோது ஏதோ சொத்தில் பாதி பறிபோன மாதிரி இருந்தது அவளுக்கு. இப்போது அப்படி இல்லை. கடலுக்கு அந்தப் பக்கமும் ஆள் இருக்கிறது நமக்கு என்று பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடேயே வயிற்றுக்குள் அந்தக் கல்லும் கனத்தது.

அந்த நேரம் பார்த்து ராக்ன்ஹில்ட் அருகில் வந்தாள். அவள் கண் சுவரின் மீது இருந்தது. வந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தது.

"நான் ஒரு கேள்வி கேட்கலாமா? இந்தச் சுவரை மூடிய பிறகு, மறுபடி யாராவது திறப்பார்களா?"

'கண்டுபிடிச்சுட்டா. படிச்சுட்டா. இல்ல, மண்ணைப் பார்த்திருக்கா.' பெரில் ஓரக்கண்ணால் சேற்றைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பக்கத்தில் போய் அதன்மேல் நின்றுகொண்டாள்.

பதில் சொன்னது ஆர்னல்ட். சுவரைப் பற்றிக் கேட்டால் அவர் விடுவாரா? "திறக்கறதா? எங்கப்பா கட்டின சுவரு அதோ நிக்குது, எம்பது வருஷம். இது நான் செத்து நூறு வருஷம் ஆனாலும் அசையாது."

"நூறு வருடங்கள்," என்றாள் ராக்ன்ஹில்ட். அவள் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது. "அது மிகவும் நல்லது. எங்கள் ஆற்றிலிருந்து நாங்கள் ஒரு கல் கொண்டுவந்திருக்கிறோம். அதை உங்கள் சுவரில் வைக்க விரும்புகிறோம்."

பெரிலுக்கு உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா! "தாராளமா வைங்க! உங்க கல்லும் எங்க கல்லும் ஒரே சுவத்துல!"

பஸ்ஸின் வயிற்றிலிருந்து இரண்டு பேர் அதைத் தூக்கி வந்தார்கள். சிவப்புக் கட்டம் போட்ட கம்பளியில் தலையோடு காலாகச் சுற்றி, கயிறு கட்டியிருந்தது. மிஸ் வினிஃப்ரெட் கம்பளியைத் தொட்டுப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு பழைய நெசவு! வடக்கத்தி நெசவு இப்படித்தான் கட்டம் கட்டமா இருக்கும்," என்று வியந்தார்.

ஆர்னல்ட் கத்தியை எடுத்தார். "குடுங்க, கயித்த அறுத்து வெச்சுடறேன்."

"வேண்டாம்!" ராக்ன்ஹில்ட் போட்ட சத்தத்தில் வாத்தியக்காரர் ஒருவர் குழலைக் கீழே போட்டார். அவள் சமாளித்துக்கொண்டாள். "அதாவது... கம்பளியோடு வைக்க வேண்டும்."

"கம்பளியோடயா? சுவத்துக்குள்ளயா? மக்கிப்போகும்மா. மக்கினா கல்லு இறங்கும். கல்லு இறங்கினா..."

"ஆர்னல்ட்!" பெரில் பல்லைக் கடித்தாள். இந்த நேரத்தில் கல்லைப் பிடுங்குவது, பார்ப்பது, திருப்புவது என்று பேச்சு வளர்ந்தால் பக்கத்தில் நிற்கிற கல்லுக்கும் வரும் வினை. "அது அவங்க பழக்கமா இருக்கும். குளிர் நாடு. கல்லுக்குக்கூடக் கம்பளி போத்துவாங்க போல. விடுங்க."

"ஆம், ஆம்," என்றாள் ராக்ன்ஹில்ட் அவசரமாக. "மிகப் பழைய பழக்கம்."

எய்னார் பெரியவர் மகளிடம் ஏதோ கோபமாகச் சொன்னார். அவள் அதைவிடக் கோபமாக ஏதோ பதில் சொன்னாள். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பளிக் கல் சுவருக்குள் போனது. இடம் பார்த்து வைத்தவள் ராக்ன்ஹில்டே. அதுவும் நெட்டுக்குத்தலாக, நீளவாக்கில், பெரிலின் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றது.

"ரெண்டாவது!" என்று முனகினார் ஆர்னல்ட். எய்னாரைப் பார்த்தார். எய்னார் அவரைப் பார்த்தார். இரண்டு தொழில்காரர்களும் பெண்கள் காலத்தில் சுவர் உருப்படாது என்ற ஒரே முடிவுக்கு மொழி இல்லாமலே வந்தார்கள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்த இரண்டு கல்லுக்கும் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, சில்லுக்கல்லை இடித்து நிரப்பி, மேலே சுவரின் இரண்டு முகத்தையும் தொடுகிற பெரிய இணைப்புக் கல்லை ஏற்றிவிட்டார்கள். விருந்தாளிகள் ஆளுக்கொரு கல் வைத்தார்கள். தலைவிகள் இருவரும் யார் அதிகம் வைப்பது என்று போட்டி போடுகிற மாதிரி ஓடி ஓடிக் கல் எடுத்துக் கொடுத்தார்கள். ஐந்தடிச் சுவர் முக்கால் மணியில் எழும்பியது. அவ்வளவு வேகமாக ஒரு சுவர் எழும்பி அந்த டேலில் யாரும் பார்த்ததில்லை.

நான்கு மணிக்கு ஊர் மன்றத்தில் கையெழுத்து. மேசையில் பழக்கேக், அதன்மேல் வைத்துச் சாப்பிட வெள்ளைப் பாலாடைக்கட்டி. விருந்தாளிகள் கொண்டுவந்திருந்த பழுப்புப் பாலாடைக்கட்டியையும் ஆர்னல்ட் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். பெரில் பேச எழுந்தாள். கையில் இருந்த தாளில் ஒரு மாதமாக மனப்பாடம் செய்த பேச்சு. முதல் வரியே கல்லில் இருந்த வரிதான்.

தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

"எங்க சொல்லைப் பத்திப் பேசணும்னுதான் எழுதிட்டு வந்தேன். எங்க சொல்லு, எங்க சொல்லுன்னு பிறந்ததிலேர்ந்து சொல்லிட்டே இருக்கேன். இன்னிக்குக் காலையிலதான் ஒருத்தர் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அதுல பாதி உங்களுதாம். உங்க ஆளுங்க வரலைன்னா இந்தப் பக்கம் அது இவ்வளவு ஊனி நின்னிருக்காதாம். எனக்குக் கோவம் வந்துச்சு. நெசமாத்தான் சொல்றேன், மூக்குக்கு மேல வந்துச்சு."

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது.

"அந்தச் சொல்லுக்குப் பள்ளமான இடம்னு அர்த்தமாம். எங்களைப் பள்ளத்துக்காரங்கன்னு டவுன்காரன் கேலி பண்ணுவான். பண்ணட்டும்! மலை உச்சியில எவன் வீடு கட்டியிருக்கான்? தண்ணி எங்க வந்து சேருதோ அங்கதான் மனுஷனும் வந்து சேருவான். நாங்க அங்கதான் இருக்கோம், ஆயிரம் வருஷமா. நீங்களும் அங்கதான் இருக்கீங்க. இதைவிட ஒரு பெருமை எனக்கு வேண்டாம்."

கைத்தட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆனது. எழுந்த ராக்ன்ஹில்டின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது.

"நானும் ஒரு பேச்சு எழுதி வந்தேன். நானும் அதைப் படிக்கப் போவதில்லை," என்றாள் அவள். "இந்தச் சொல் உங்களிடம் முன்பே இருந்தது. எங்கள் முன்னோர்கள் அதை உங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் இங்கே வந்து, தங்கள் சொல் தங்களுக்கு முன்பே வந்து காத்திருப்பதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்! இன்று எனக்கு இருப்பது போல."

இரண்டு தலைவிகளும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். விட்டுக்கொடுக்கத் தெரிந்த பெருந்தன்மை தன்னிடம்தான் என்று பெரில் நினைத்துக்கொண்டாள். ராக்ன்ஹில்டும் அதையேதான் நினைத்திருப்பாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கையெழுத்து ஆனது. வாத்தியக் குழு இந்த முறை நிஜமாகவே முழக்கியது.

விருந்தாளிகளை ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். எய்னாரை ஆர்னல்ட் யாருக்கும் விடவில்லை. காலி மன்றத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரில், ஒப்பந்தத் தாளை இன்னொரு முறை எடுத்துப் படித்தாள். ஏழு வருஷத்துக் கனம் தோளை விட்டு இறங்கியிருந்தது. சொன்ன ஒரு பொய்கூட வெளியே வராமல் சுவர் காப்பாற்றிவிட்டது என்ற நிம்மதி வேறு.

வாசலில் டிரைவர் டெரெக் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அம்மா, ஒரு விஷயம். என் கம்பளி எனக்கு வேணுமே. எப்பத் தருவீங்க?"

"எந்தக் கம்பளி?"

"சிவப்புக் கட்டம் போட்டது. டார்லிங்டன் சந்தையில போன வருஷம் வாங்கினது."

பெரில் தட்டைக் கீழே வைத்தாள். "அது அவங்க ஊரு நெசவு இல்லியா? கல்லுக்குக் கம்பளி சுத்தறது அவங்க பழைய பழக்கம்னு சொன்னாங்களே!"

"என்ன பழக்கம் போங்க! காலையில என் சீட்டுக்கு அடியிலேர்ந்து உருவிட்டுப் போனாங்க. அதுக்கு முன்னாடி மூணு பாலத்துல வண்டிய நிறுத்தச் சொல்லி அந்தக் கல்லத் தூக்கிட்டு இறங்கினாங்க. மூணுலயும் எவனாவது தூண்டில் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். திருப்பி ஏத்திக்கிட்டாங்க."

"கல்லைத் தூக்கிட்டு இறங்கினாங்களா? எதுக்கு?"

டெரெக் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஆத்துல தள்ளத்தான்! கப்பல்ல எவனோ அகராதியக் காட்டித் தொலைச்சிருக்கான். 'டால் — எங்கள் சொல். உங்களுக்கு நாங்கள் கொடுத்தது'ன்னு இம்மாம் பெரிய எழுத்துல செதுக்கிக் கொண்டாந்துட்டு, அதை உங்க மூஞ்சியில எப்படிம்மா காட்டுவாங்க?"